பலாங்கொடையின் கறுப்புக் கல்

இலங்கை மலையகத்தில் பலாங்கொடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர் எவரைக் கேட்டாலும் மலைக்கு அடியில் ஏதோ இருப்பதாக ஒரு கதை வைத்திருப்பார். வெள்ளைக்காரத் துரை மூடிவிட்டுப் போன சுரங்கம், பொன் புதைந்த குகை, இரவில் மட்டும் வெளிச்சம் தெரியும் பாறை என்று ஆளுக்கொன்று. சின்ன வயதில் இவற்றையெல்லாம் நானும் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது அந்த வகைக் கதை அல்ல. 1904ஆம் ஆண்டு இந்தச் சப்ரகமுவ மலைகளில், அதுவரை உலகத்தில் எவரும் பெயர் வைத்திராத ஓர் உலோகத் தாது அடையாளம் காணப்பட்டது. தோரியம் என்ற உலோகம் நிறைந்த கறுப்புக் கல். தோரியனைட் என்று அதற்குப் பெயர். சில வருடங்கள் அதைத் தேடித் தேடி அரித்து லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அப்புறம் தேடுவது நின்றுபோனது. நூறு வருடத்துக்கும் மேலாக அந்த மலைகள் தாதுவை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன.

சும்மா கிடக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கான காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அதன் மேலேயே நான்கைந்து தலைமுறையாக வாழும் எங்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கங்கைகளின் பெயரை மனப்பாடம் செய்தோம், தேயிலையின் வரலாறு படித்தோம். காலுக்கடியில் இருக்கும் பாறையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்தப் பாறையிலிருந்தே தொடங்குகிறேன். மலையகத்தின் பெரும்பகுதி, புவிச்சரிதவியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்று பிரித்துவைத்திருக்கும் பாறைகளின் மேல் நிற்கிறது. பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறைகள் அவை. ஏறத்தாழ 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த உருமாற்றம் நடந்தது. அப்போது இலங்கை தனித் தீவு அல்ல. இந்தியா, மடகஸ்கார், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த கொண்டுவானா நிலத்தின் நடுவில் ஒரு துண்டு. உருமாற்றத்தின் கடைசிக் கட்டத்தில், உருகிய குழம்பு பாறை வெடிப்புகளில் ஏறி மெல்ல ஆறி, பெரிய பெரிய பளிங்குகளாக உறைந்தது. பெக்மடைட் என்கிறார்கள். சாதாரணப் பாறைகளில் இடம் கிடைக்காத தனிமங்கள் போய் ஒதுங்குகிற இடம் அது. தோரியமும் யுரேனியமும் அப்படித்தான் ஒதுங்கின. பிறகு கோடிக்கணக்கான ஆண்டு மழையில் மேலே இருந்த மலை கரைந்தது. கெட்டியான, கனமான கற்கள் மட்டும் ஆற்றுப் படுகைகளில் தங்கின. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கத் தொழிலாளர்கள் இல்லம் என்று சொல்லும் அந்தப் பரல் அடுக்கில்தான் நீலமும் புஷ்பராகமும் கிடைக்கின்றன. தோரியனைட்டும் அங்கேதான் கிடைத்தது.

என் மாமா ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு மாணிக்கக் குழிக்குப் போனவர். அவரோடு போய் ஒரு முறை இல்லம் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். குழியின் பக்கச் சுவர் சரியாதபடி மரத் துண்டுகளை அடுக்கி, இடைவெளியில் பன்னத்தழையைத் திணித்து இறக்கியிருந்தார்கள். பம்ப் ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. மேலே கொண்டுவந்து குவித்த பரலை மூங்கில் கூடையில் அள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வட்டமாகச் சுழற்றுவார்கள். இலேசான கல்லும் மண்ணும் விளிம்பு தாண்டி வழிந்துவிடும். கனமானது நடுவில் அடியில் கூடும். கடைசியில் கூடையைச் சூரியனுக்குச் சரித்துப் பிடித்து, அனுபவசாலி ஒருவர் மட்டும் விரலால் விலக்கி விலக்கிப் பார்ப்பார். மற்றவர்கள் யாரும் அப்போது பேசுவதில்லை. அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அடியில் தங்கிய கறுப்புக் கற்களில் ஒன்றை நான் எடுத்துப் பையில் போடப்போக, மாமா கையைத் தட்டிவிட்டார். "அதப் போடு தம்பி. கனக்கிற கறுப்புக் கல்லு, ஒன்னுக்கும் ஒதவாது. வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு பெரியாளுங்க சொல்லுவாங்க."

கறுப்பில் பல வகை உண்டு. இல்மனைட், கறுப்பு ஸ்பினல், டூர்மலின் எல்லாம் இல்லத்தில் சாதாரணமாகக் கிடைப்பவை. தோரியனைட் அவற்றுக்கு நடுவில் எப்போதாவது வருவது. சின்னச் சதுரக் கட்டிகள், பெரும்பாலும் அரை விரல் நுனிக்கு மேல் இருப்பதில்லை. கனம்தான் அதன் அடையாளம். நீலக்கல் தண்ணீரைவிட நான்கு மடங்கு கனமானது, இரும்பு ஏறத்தாழ எட்டு மடங்கு, தோரியனைட்டோ ஒன்பது மடங்குக்கும் மேல். அதோடு அது கதிர்வீச்சு உள்ள கல். வீட்டுக்குக் கொண்டு போகாதே என்ற பெரியவர்களின் சொல்லுக்கு அவர்கள் என்ன காரணம் வைத்திருந்தார்களோ, விஞ்ஞானம் அதற்கு எதிராகப் பேசாது.

இந்தக் கல்லை இனங்காட்டியவர் தமிழ் வாசகர்களுக்கு வேறொரு காரணத்துக்காக நன்றாகத் தெரிந்தவர்: ஆனந்த குமாரசுவாமி. அவர் பெயரைச் சொன்னதும் நடராஜர் நினைவுக்கு வருவார், இந்தியச் சிற்பமும் ஓவியமும் நினைவுக்கு வரும். அவர் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் தந்தையின் சகோதரி மக்கள். லண்டனில் படித்துவிட்டு வந்தவர், 1903இலிருந்து 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்தார். பதவி ஏற்றபோது வயது 25 அல்லது 26. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நடத்தக்கூடிய வேலை அல்ல அது. மலை மலையாக ஏறி, ஓடை ஓடையாக இறங்கி, கல்லை உடைத்துப் பார்க்கிற வேலை. கண்டிக்கு அருகே கங்காபிட்டியவில் கிடைத்த நீலநிறக் கனிமம் ஒன்றுக்கு, தீவின் பழைய பெயரான செரண்டிப்பை வைத்து செரண்டிபைட் என்று 1903இல் இன்னொருவரோடு சேர்ந்து பெயரிட்டவரும் அவரே.

பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் குழிகளிலிருந்து வந்த கறுப்புக் கல்லை அவர் முதலில் யுரேனியத் தாதுவான யுரேனினைட் என்று கருதினார். அப்படி நினைக்க நல்ல காரணம் இருந்தது. நிறம், கனம், பளிங்கு வடிவம் மூன்றும் ஒத்துப்போயின. மாதிரி லண்டனுக்குப் போனது. அங்கே பகுத்துப் பார்த்தபோது முக்கால்வாசி தோரியம் ஒக்சைட்டு என்று தெரியவந்தது. புதுக் கனிமம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லண்டனில் வில்லியம் ராம்சே என்ற பெரிய இரசாயனவியலாளர் இந்தக் கல்லை மொத்தமாக வாங்கினார். 1904 இலையுதிர் காலத்தில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஒட்டோ ஹான். ஆங்கிலம் பழகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் நோக்கம். கதிர்வீச்சு பற்றி அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ராம்சே அவரிடம் தோரியனைட்டிலிருந்து பிரித்தெடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, உள்ளே இருக்கும் ரேடியத்தைத் தனியாக்கித் தா என்றார். ஹான் பிரித்துக்கொண்டே போனபோது ரேடியம் அல்லாத வேறொன்று அகப்பட்டது. ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அந்தக் கண்டுபிடிப்புதான் அவரைக் கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குள் இழுத்துப் போட்டது. அதே மனிதர் 1938இல் பெர்லினில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியம் அணு பிளவுபடுவதைக் கண்டார். அதற்காக 1944ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் போகும் பாதையின் ஆரம்பத்தில் எங்கள் ஊர் ஆற்றுப் பரல் கிடக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, பயப்பட என்ன இருக்கிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பூமிக்கு வயது என்ன என்ற கேள்விக்குக் கதிர்வீச்சை வைத்துப் பதில் தேடத் தொடங்கிய முதல் ஆட்களில் அமெரிக்கரான பெர்ட்ராம் போல்ட்வுட் ஒருவர். யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகிறது, எனவே ஒரு கல்லில் எவ்வளவு யுரேனியத்துக்கு எவ்வளவு ஈயம் என்று பார்த்தால் கல்லின் வயது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 1907இல் அவர் வெளியிட்ட பட்டியலில் வயதுகள் 41 கோடி ஆண்டிலிருந்து 220 கோடி ஆண்டு வரை போயின. அந்த 220 கோடி, இலங்கைத் தோரியனைட்டுக்கு. பட்டியலிலேயே மூத்த கல் எங்களுடையது. தோரியமும் சிதைந்து ஈயம் தரும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால்தான் எண் அவ்வளவு வீங்கியது. உண்மை வயது அதில் நான்கில் ஒரு பங்குதான். ஆனாலும் பூமிக்குக் கோடிக்கணக்கான ஆண்டு வயது என்ற எண்ணமே பலருக்கு ஜீரணமாகாத காலத்தில், நூறு கோடிகளில் பேசலாம் என்ற துணிவை அந்தப் பட்டியல் கொடுத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஸ்ட்ரட் இதே கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த ஹீலியம் வாயுவை அளந்து வேறொரு வழியில் வயதைத் தேடினார்.

இதெல்லாம் ஆய்வுகூடக் கதை. கல்லை வாங்கியவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் அல்ல. தோரியத்துக்கு அப்போது இருந்த பெரிய சந்தை விளக்குத்தான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெட்ரோமாக்ஸ் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கரண்ட் வராத காலத்தில் காமன் கூத்து விடிய விடிய நடந்தது அந்த வெளிச்சத்தில்தான். அதில் கட்டுகிற பட்டுப் போன்ற சின்ன வலைப்பை, மேண்டில், முதல் தடவை கொளுத்தியதும் எரிந்து சாம்பலாகி, வடிவம் மட்டும் குலையாமல் நிற்கும். அந்தச் சாம்பலில் 99 சதவீதம் தோரியம் ஒக்சைட்டு, மீதி ஒரு சதவீதம் சீரியம் ஒக்சைட்டு. காற்றடிக்க அடிக்க வெள்ளை வெளேரென்று அது எரிவதன் இரகசியம் அந்தக் கலவை. விரல் பட்டாலே உதிர்ந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டில் தாத்தாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் இந்த மேண்டிலால்தான் ஒளிர்ந்தன. தோரியத்துக்கு அவ்வளவு கிராக்கி.

அப்படியென்றால் பலாங்கொடை ஏன் பெரிய சுரங்க ஊராகவில்லை? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கல்லில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தக் கல் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. தோரியனைட்டில் முக்கால் பங்கு தோரியம் ஒக்சைட்டு. ஆனால் கூடை கூடையாக இல்லம் கழுவினால் எப்போதாவது நாலு மணி கிடைக்கும். கற்களின் தாய்ப் பாறையான பெக்மடைட்டும் பெரிய மலையாக இல்லை. அங்கங்கே நரம்பு நரம்பாக ஓடி முடிந்துவிடுகிறது. மறுபுறம் 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மொனசைட் மணல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் தோரியம் ஒக்சைட்டு பத்து சதவீத அளவுதான். ஆனால் மண்வெட்டியால் அள்ளி, கரையிலேயே கப்பலில் ஏற்றிவிடலாம். பிரேசில் மணல் அதற்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தது. மலையேறிக் குழி தோண்டிக் கூடை சுழற்றி எடுக்கும் கல் அதோடு எப்படிப் போட்டியிடும்? அப்புறம் மின்சார விளக்கு வந்து மேண்டில் சந்தையையே விழுங்கிவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பரவிய பேச்சுகள். நாட்டில் இருக்கும் தோரியத்தைத் தோண்டினால் கடனெல்லாம் அடைந்துவிடும் என்று கைபேசியில் வரும் வீடியோக்களை எங்கள் பொடியன்கள் நம்புகிறார்கள். வேலை இல்லாத பிள்ளைகள், நம்பத்தான் ஆசைப்படுவார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தாது உலகப் புகழ் பெற்றது என்பதற்காக அது சுரங்கமாகிவிடாது. மலையகத்தில் இப்படிப் பெயர் மட்டும் கேட்ட இடங்கள் இன்னும் உண்டு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், அங்குள்ள ஓடைகளில் பொன் துகள் இருப்பதாக எழுதிவைத்தார். துகள் இருந்தது, தொழில் வரவில்லை. வலப்பனைப் பக்கம் ரூபஹவில் நிக்கலும் குரோமியமும் கூடிய பாம்புப்பாறை தலைகாட்டுகிறது. தாவரவியலாளர்களே அதைத் தேடி அதிகம் போகிறார்கள், அந்த மண்ணைத் தாங்கி வளரும் செடிகளைப் பார்க்க.

ஆனால் இந்த மலைகளில் உலோகத் தொழில் ஒருபோதும் இருந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பலாங்கொடையிலிருந்து பெலிஹுல் ஓயாப் பக்கம் வரும்போது சமனலவெவவைச் சுற்றியுள்ள மேடுகளில் உலகமே வியந்த ஓர் இரும்புத் தொழில் நடந்திருக்கிறது. நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் தொல்லியல் ஆய்வு நடத்தினார்கள். கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக உலைகளின் எச்சங்களைக் கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. துருத்தி கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் தென்மேற்குக் காற்றே துருத்தி.

அந்த உலையின் வேலைப்பாட்டை நினைத்தாலே எனக்கு மரியாதை கூடுகிறது. மேட்டின் விளிம்பில், காற்று நேரே வந்து மோதும்படி, நீளவாக்கில் களிமண் சுவர். சுவரின் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். காற்று சுவரில் மோதி மேலே ஏறிக் கடக்கும்போது சுவரின் மேல் விளிம்புக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் கீழேயுள்ள குழாய்கள் வழியே காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. காற்று பலமாக வீச வீச உலை தானே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முன்சுவரை இடித்து இரும்பை எடுத்துவிட்டு, மறுபடி கட்டுவார்கள். இப்படி நடக்க முடியாது என்று பலர் சொன்னபோது, ஜூலெஃப் 1994இல் அதே இடத்தில் அதேபோல் உலை கட்டி, பருவக்காற்றில் எரித்துக் காட்டினார். கரிச்சத்து மிகுந்த நல்ல உருக்கே வந்தது. 1996இல் உலகின் முதன்மையான விஞ்ஞான இதழ் ஒன்று அதை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிண்டி, வாள்களைப் பற்றி எழுதும்போது செரண்டிப் உருக்கையும் குறிப்பிடுகிறார். அதற்கும் இந்த மேடுகளுக்கும் தொடர்பு உண்டென்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தொழில் பருவக்காற்று உலையோடு முடிந்துவிடவும் இல்லை. கனிப்பொருள் தேடி அலைந்த குமாரசுவாமி பலாங்கொடைக்கு அருகே சிங்களக் கிராமங்களில் துருத்தி வைத்து இரும்பு உருக்கியவர்களின் கடைசித் தலைமுறையைச் சந்தித்து, அவர்கள் செய்முறையைப் படிப்படியாகக் குறித்துவைத்தார். அதற்குள் இங்கிலாந்திலிருந்து வந்த மலிவு இரும்பு அவர்கள் பிழைப்பை முடித்திருந்தது. கல்லைத் தேடிப் போன மனிதர் கைவினைஞர்களிடம் மனதைக் கொடுத்துவிட்டு, கலை வரலாற்றாசிரியராகத் திரும்பி வந்தார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இந்த மலைகளில்தான் நடந்தது.

சமனலவெவ மேடுகளில் இன்றும் கசடு கிடக்கிறது. சித்த வைத்தியர்கள் மண்டூரம் என்று சொல்லும் அதே இரும்புக் கிட்டம். கையிலெடுத்தால் ஒரு பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பு, மறுபக்கம் பொத்தல் பொத்தலாக, உருகி வழிந்து உறைந்த சுருக்கங்கள். உலைகளில் ஒரு பகுதி இப்போது நீருக்கு அடியில்.

அந்த நீர்த்தேக்கமே இந்த மலைகளைப் பற்றி ஒரு பாடம் நடத்தியது. 120 மெகாவாட் திட்டம். 1992இல் நீர் நிரப்பியபோது அணையின் வலதுகரை மலையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கிளம்பியது. சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்ளே குகையும் பிளவுமாக இருந்த மலை அது. எவ்வளவோ சாந்தைச் செலுத்தி அடைத்துப் பார்த்தார்கள். களிமண்ணைக் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு இன்னும் உண்டு. 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கப்பாதையைத் துளைத்தபோது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. வெளியே பார்க்கக் கெட்டியாக நிற்கும் மலை, உள்ளே நீர் ஓடும் நூறு வழிகளை வைத்திருக்கிறது. மலையூற்றிலிருந்து வரும் எங்கள் பீலித் தண்ணீர் அந்த வழிகளில் ஒன்றின் முனை. அதைத் தெரியாமல் அறுத்துவிட்டால் தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்கள் வேறெங்கே போய்க் குடம் வைப்பார்கள்?

மண்சரிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணோடு போனதை மறந்தவர் மலையகத்தில் எவருமில்லை. அபாயமான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் அந்தச் சனத்துக்கு மாற்றுக் காணி கிடைத்திருக்கவில்லை. அங்கே எவரும் தாது தோண்டவில்லை. மழை மட்டுமே போதுமானதாக இருந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றோரங்களிலும் தேயிலை மலைகளிலும் இரவோடிரவாகத் திருட்டு மாணிக்கக் குழி தோண்டுகிறார்கள். கலங்கிய தண்ணீரும் அறுபட்ட கரையும் அங்குள்ளவர்களுக்கு அன்றாடக் காட்சி. கூலிக்குக் குழியில் இறங்குபவர்கள் நம் பிள்ளைகள். கல் கிடைத்தால் கைமாறுவது வேறெங்கோ.

இந்த நிலத்தில்தான் நாளைக்கு யாராவது துளைபோடும் கருவியோடு வந்து நிற்பார்கள் என்ற கவலை எனக்கு. உலகம் முழுக்க அருமண் உலோகங்களுக்கு அலைகிறது. இந்தியா தோரியத்தை அணு எரிபொருளாக்கப் பல பத்தாண்டுகளாகத் திட்டமிடுகிறது. எங்கள் கறுப்புக் கல் வியாபாரத்துக்குப் போதாது என்று மேலே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் தேடிப் பார்ப்பதற்குத் தாது நிறைய இருக்கத் தேவையில்லை. ஆசை இருந்தால் போதும். தேடுவதற்கே பாதை வெட்டுவார்கள், மரம் சாய்ப்பார்கள், சரிவில் குழி பறிப்பார்கள்.

அப்போது யாரைக் கேட்பார்கள்? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம். தேடவும் தோண்டவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சரி. நிலம்? தோட்டக் காணி அரசுடையது, 1992இலிருந்து கம்பனிகள் கையில். லயத்தில் நாலு தலைமுறை பிறந்து செத்த குடும்பத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேட் வழக்கில் உயர் நீதிமன்றம், முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் வெளிநாட்டுக் கம்பனிக்கு அந்தப் படிவைக் கொடுக்க முடியாது என்று தடுத்தது. வழக்குப் போட்டவர்கள் அங்கே வயலும் வீடும் வைத்திருந்த விவசாயிகளும் ஒரு பிக்குவும். எங்கள் காணி போகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எங்கள் தோட்டத்து அக்கா ஒருத்தி நீதிமன்றத்தில் எதைக் காட்டி அப்படிச் சொல்வாள்? காணி உரிமையை வீட்டுத் திட்டமாக மட்டும் பார்ப்பவர்களிடம் நான் மல்லுக்கட்டுவது இதனால்தான். பேர்ச்சஸ் என்ற சின்ன நில அளவுக் கணக்கில் வீடு கொடுத்துவிட்டால் முடிந்தது என்கிறார்கள். மலைக்கு என்ன நடக்கிறது என்று கேட்கும் தகுதியும் காணி உறுதியோடு சேர்ந்துதான் வருகிறது.

இப்போதைக்குச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாட்டின் புவிச்சரிதவியல் வரைபடங்கள் இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தாள் தாளாக அச்சாகியிருக்கின்றன. பலாங்கொடை, ஹப்புத்தளை, நுவரெலியா, ஹட்டன் பகுதிகளுக்கான தாள்களைத் தமிழில் எளிமையாக விளக்கிப் பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டும். எங்கே சுண்ணாம்புப் பாறை, எங்கே பிளவு, எங்கே சரியும் மண் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தால், தன் லயத்துக்கு மேலே யாராவது இயந்திரம் கொண்டு வரும்போது சரியான கேள்வியை அது கேட்கும். பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தாலே ஒரு பகுதிக்கு இதைத் தொடங்கிவிடலாம். நான் அறிந்த ஆசிரியர்கள் இருவரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர், பரீட்சையில் வராததை எப்படி நடத்துவது என்று கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

பிள்ளைகளைச் சமனலவெவப் பக்கம் கூட்டிப் போக நினைக்கும் ஆசிரியர்கள் ஜூலையில் போங்கள், காற்று உச்சத்தில் இருக்கும். மேட்டில் ஏறி மேற்கே பார்த்து நின்றால் உலையை ஏன் அங்கே கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. கசட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பையில் போட விடாதீர்கள், அது தொல்பொருள். மாணிக்கக் குழிக்குப் போகும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: அளவுக்கு மீறிக் கனக்கிற கறுப்புச் சதுரக் கல் கிடைத்தால் சட்டைப் பையிலோ சாமிப் படத்துக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள், தூளாக்கி மூச்சில் போக விடாதீர்கள். படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துப் பணியகத்துக்கு அறிவியுங்கள். அந்தக் குறிப்பின் ஒரு பிரதியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுங்கள்.